உங்கள் அக்கா குரல் மட்டும் வராத காது மிஷின்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். மரியாதை இந்த வரியோடு முடிகிறது.

போன மாதம் வந்திருந்தபோது நீங்கள் பெரிய மனசு பண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன காது மிஷினில் தயாரிப்புக் கோளாறு இருக்கிறது. முப்பது நாளுக்குள் கொடுத்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம், நாளையோடு கெடு முடிகிறது, காலையில் கடை திறக்கும்போதே முதல் ஆளாக நின்று மேசையில் போட்டுவிட்டு வரப்போகிறேன். அவசரப்பட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்தியவன் நான். ஒரு கருவி பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.

முதலில், எனக்குக் காது மந்தம் என்பதே உங்கள் கண்டுபிடிப்பு. நான் அப்போதே சொன்னேன், என் காதுக்கு ஒரு கேடும் இல்லை, ஊரில் எல்லோரும் வாய்க்குள்ளேயே முனக ஆரம்பித்துவிட்டார்கள், அதில் முதல் ஆள் உங்கள் அக்கா என்று. யார் கேட்டீர்கள்? இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் எதையோ கவிழ்த்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். பரீட்சை என்று வந்துவிட்டால் நான் ஃபெயில் ஆகிற ஆளா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட்காரம்மாவின் தோள் அசையும்போதெல்லாம் அழுத்தித் தள்ளினேன். கடைசியில் பார்த்தால், அந்தம்மா சத்தமே அனுப்பாதபோது பதினாலு தடவை அழுத்தியிருக்கிறேனாம். முதுகைக் காட்டி உட்கார வைத்து மறுபடி முதலிலிருந்து. அப்புறம் மலைச்சரிவு மாதிரி கோடு இறங்குகிற ஒரு தாளைக் காட்டி விளக்கம் வேறு: கீச்சுக் குரல்தான் முதலில் போகுமாம், பெண்கள் குரல், குழந்தைகள் குரல், பிறகு ச, த போன்ற ஓசைகள். அதனால் பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. மூளையும் கேட்கிற பழக்கத்தை விட்டுவிடுமாம், மிஷினை மாட்டிச் சில வாரம் பழக்கினால்தான் வழிக்கு வருமாம். சரி, பழக்கினேன்.

பழக்கினதில் என்ன லாபம்? ஃபிரிட்ஜ் முனகுகிறது. பேப்பரைப் புரட்டினால் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்கிறது. நான் சாப்பிடுகிற சத்தம் எனக்கே சகிக்கவில்லை, இதைக் கேட்டுக்கொண்டு உங்கள் அக்கா இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், புண்ணியவதி. மாடி வீட்டு அம்மா எனக்கு டமாரம் என்று பெயர் வைத்திருப்பது ஜன்னல் வழியாகத் தெள்ளத் தெளிவாக வந்து விழுந்தது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் குரல் மணி மாதிரி வருகிறது. உங்கள் அக்கா குரல் மட்டும் வரவே இல்லை. விடுவேனா, நோட்டுப் போட்டு அளந்து எழுதினேன். சமையலறை வாசலில் இருந்து ஒன்பதடி, இல்லை. ஆறடி, இல்லை. மூன்றடியில் நேருக்கு நேர், இல்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், சத்தத்தை உச்சிக்கு ஏற்றிப் பார்த்தேன், சுவர்க் கடிகாரம் மண்டைக்குள் அடிக்கிறது, அவள் மூச்சு விடுகிறதுகூடக் கேட்கிறது, பேச்சைக் காணோம். உதடு அசைகிற மாதிரியும் தெரியவில்லை. கண்ணாடியும் மாற்ற வேண்டியிருக்கலாம்.

எங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நீங்களாகக் கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். எங்களைப் போல ஒற்றுமையான ஜோடியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஹால் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டால் சாப்பாடு தயார், மூன்று தடவை என்றால் யாரோ வந்திருக்கிறார்கள், மற்றதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு. எல்லாம் அவள் ஏற்பாடுதான். ஆறு வருஷமாக இந்த வீட்டில் ஒரு சண்டை கிடையாது, ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது. நானும் அவள் என்ன சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிப் பழகியவன். எந்தப் புருஷன் இப்படி இருப்பான், சொல்லுங்கள்.

போன வாரம் அவளையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏதாவது பேசுங்கள், செட்டிங் பார்க்கலாம் என்று டெஸ்ட்காரம்மா கேட்க, உங்கள் அக்கா ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிஷினில் கோளாறே இல்லை என்று சொல்லிவிட்டார். ஒருத்திக்கு ஒருத்தி உடந்தை, வேறென்ன? ஆகவே நாளை மிஷின் கடைக்குப் போகிறது. அடுத்த தடவை ஏதாவது வாங்கித் தரத் தோன்றினால் ஒரு நல்ல குடையாக வாங்கித் தாருங்கள்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். எல்லா நன்மையும் உங்கள் வீடு தேடி வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையையே நினைக்கும் அத்தான்

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை உங்கள் அக்காவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"மிஷின் நல்லாத்தாங்க இருக்கு. நான்தான் பேசறதை நிறுத்திட்டேன். ஆறு வருஷம் ஆச்சு. மார்ல ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுது, பயமா இருக்கு, டாக்டர்கிட்ட கூட வாங்கன்னு சொன்னேன். பேப்பர்லேருந்து தலையைத் தூக்காம, சரி சரி, மேசை மேல வைன்னீங்க. தனியாத்தான் போனேன். பயப்பட ஒண்ணுமில்லைன்னாங்க. திரும்பி வந்து அதை உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

ஒரு எழுத்து விடாமல் கேட்டது, மாப்பிள்ளை. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் என் காதிலேயே இருக்கும். அவள் இன்னும் பேசி முடிக்கவில்லை, எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பேனாவை மூடி வைக்கச் சொல்கிறாள்.