மாமனாருக்கு ஒரு கைப்பிடி

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வெள்ளிக்கிழமை வரப்போகும் மாமனார் வழுக்கி விழக் கூடாதே என்று, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி மாட்டப் போனேன். பக்கத்து வீட்டோடு முதுகு ஒட்டிய பழைய வீடு. ட்ரில்லை வைத்து அழுத்தினேன். சுவர் என் முகத்தில் காறித் துப்பியது.

"ஆளைக் கூப்பிடுங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?" என்றாள் மனைவி, துண்டைக்கூட நீட்டாமல்.

பிளம்பர் வந்ததும் கேட்டார். "எவன் சார் இங்க பைப் போட்டது?"

"கையில கிடைச்சா தோலை உரிச்சிடுவேன். முதல்ல தண்ணியை நிறுத்துங்க!"

மாடித் தொட்டியின் வால்வை மூடினார். நிற்கவில்லை. வால்வையே மாற்றினார். நிற்கவில்லை. தொட்டியைக் காலி செய்தார். வீட்டுக் குழாயெல்லாம் வறண்டது. சுவர் மட்டும் ஜோராக ஊற்றியது.

"உள்ள ஊத்து ஏதோ இருக்கு சார்," என்று கொத்தனாரை அழைத்துவந்தார்.

"எவன் சார் இந்தச் சுவரைக் கட்டினது?" என்று கேட்டுவிட்டுக் கொத்தனார் இடிக்க ஆரம்பித்தார்.

"எப்ப முடியும்?"

"நாளைக்கு சார்."

மூன்று நாளாக அதே நாளை. வியாழக்கிழமை பாதிச் சுவரைக் காணோம்.

"அப்பா நாளைக்கு எங்க குளிப்பார்?" மனைவியின் குரல் உடைந்தது.

"இங்கதான்! ஷவர்தான் நிக்காம ஓடுதே!" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டிலும் டமால் டமால். தலை வெடித்தது. போதாக்குறைக்கு அந்த வீட்டம்மா வாளியோடு வந்து நின்றார்.

"எங்க வீட்லயும் ரிப்பேர் வேலை. ஒரு வாளி தண்ணி கிடைக்குமா சார்?"

"பத்து வாளி எடுங்க! சுவத்துலேர்ந்து சும்மா கொட்டுது!" என்று சீறினேன். அவர் முகம் வாடியதும் மனசு கேட்கவில்லை. நானே பிடித்து, அவர் வாசல்வரை சுமந்து கொடுத்தேன்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றார்.

திரும்பி வந்தால், பிளம்பரும் கொத்தனாரும் சுவரைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். பொறுமை போயிற்று.

"இந்தத் தண்ணி எங்கேர்ந்துதான்யா வருது? ஒருத்தராவது நேரா பதில் சொல்லுங்கய்யா!"

பயந்துபோன கொத்தனார் ஓங்கி ஓர் அடி வைத்தார். செங்கல் அந்தப் பக்கமாக விழுந்தது. ஓட்டைக்கு அப்பால் இன்னொரு குளியலறை. சுத்தியலோடு இன்னொரு கொத்தனார். அவர் பக்கத்தில், நான் நிரப்பிக் கொடுத்த வாளியோடு அந்த அம்மா.

"எங்க மாடித் தொட்டியிலேர்ந்து சார்."