அடுப்படித் தெய்வம்

"அடுப்படியிலை குந்தியிருக்கிற வேசமோ?" என்று பக்கத்து நகைக்கடை மரியரட்ணம் கேட்டதோடு தவரத்தினத்துக்கு அன்றைய வியாபாரமே கசந்துபோனது.

தவரத்தினம் பாரிசின் லா சப்பலில் சேலைக்கடை வைத்திருப்பவர். மகள் மிருணாளினி பள்ளிக்கூடத்துக் கிரேக்க நாடகத்தில் தெய்வமாக வருகிறாள் என்று ஒரு கிழமையாக ஒருவரையும் விடாமல் சொல்லி முடித்திருந்தார். எந்தத் தெய்வம் என்று விசாரிக்காததுதான் பிழை. ஹெஸ்டியாவாம். வீட்டு நெருப்பைக் காக்கிற சின்னத் தெய்வம். நெருப்புக்குப் பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும், ஒரு வசனமும் கிடையாது.

புதன்கிழமை கடைக்கு வந்த மகளைப் பிடித்துக்கொண்டார்.

"பிரான்சுக்கு வந்தும் என்ரை பிள்ளைக்கு அடுப்படியோ? வேறை வேசம் கேக்கிறதுக்கென்ன?"

"எனக்கு அது காணும். போதும், விடுங்கோ அப்பா," என்றவள் மிச்சக் காரணத்தைப் பிரெஞ்சில் படபடவென்று சொன்னாள். தவரத்தினத்தின் பிரெஞ்சு, சேலையின் நீள அகலத்தைத் தாண்டாது. தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

ஊர்ச்சங்க விழாக்களில் பிள்ளைக்கு நல்ல இடம் பிடிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது ஆட்டிறைச்சி ரோல்ஸோடு வில்லியே லே பெல்லில் இருக்கும் மகளின் பள்ளிக்கூடத்தில் போய் நின்றார். ஆசிரியை ஆன்ஜெலிக் ஒன்றைக் கடித்ததும் கண் கலங்கினார். உறைப்பில் வந்த கண்ணீரை இரக்கம் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

முதலில் கிடைத்தது ஐரிஸ். வானவில் தெய்வம், இரண்டு வசனம். செய்தி கொண்டுபோகிறவள் என்றதும், "தபால்காரியோ?" என்று வேண்டாம் என்றுவிட்டார். அடுத்தது நெமெசிஸ். ஆணவக்காரரைத் தண்டிக்கிற தெய்வம், ஆறு வசனம். "குமர்ப்பிள்ளை மேடையிலை நிண்டு சாபம் போடுறதோ?" என்று மனைவி கோசலை மறித்தாள். கடைசியில் ஈயோஸ் வாய்த்தது. விடியலின் தெய்வம். நாடகத்தைத் தொடங்கிவைப்பதே அவள்தான், பன்னிரண்டு வசனம்! சந்தோசத்தில் கடையிலிருந்து ரோசாப்பூ நிறப் பட்டுச் சேலை ஒன்றையும் உடுப்புக்குக் கொடுத்தார். நெருப்படி இடம் மகளின் சிநேகிதி, புதுச்சேரிக்காரப் பிள்ளை எலோடிக்குப் போனது.

மிருணாளினி இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை.

"சந்தோசப் புளுகத்திலை பிள்ளைக்குப் பேச்சு வரேல்லை," என்றார் தவரத்தினம், மரியரட்ணத்திடம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நாடகம். ஒரு மணிக்குக் கடையைப் பூட்டப்போனவரைக் கூறைச்சேலை எடுக்க வந்த குடும்பம் ஒன்று மறித்தது.

"அண்ணை, அந்த மேல்தட்டிலை இருக்கிறதை ஒருக்கா விரியுங்கோ."

"பிள்ளையின்ரை நாடகம்..."

"ஒண்டே ஒண்டுதான் அண்ணை!"

இருபத்தேழு சேலை விரித்தார். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு ஓடி ரயிலைப் பிடிக்கும்போதே மூன்று மணி. மண்டபத்துக்குள் நுழைந்தபோது விடியல் எப்போதோ முடிந்து, தெய்வங்கள் எல்லாம் நடுப்பகலில் நின்று சண்டைபிடித்துக்கொண்டிருந்தன.

கோசலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பன்னிரண்டையும் வடிவாச் சொன்னவள்," என்றாள்.

தவரத்தினம் பக்கத்துக் கதிரையில் குந்தினார். போன வருசமும் இதே கதைதான், அதற்கு முந்தின வருசம் கதிரைகளை அடுக்கும்போதுதான் வந்து சேர்ந்தார். பாழ்படுவான் சேலை, ஒரு நாளைக்குப் பூட்டினால் என்ன குடிமுழுகியா போய்விடும் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நாடகம் முடிந்தது. மிருணாளினி உடுப்பு மாற்றும் அறையை விட்டு வரவில்லை. எலோடிதான் வெளியே வந்தாள்.

"அவளிட்டைச் சொல்லு பிள்ளை," என்றார் தவரத்தினம். "அடுத்த முறை அப்பா இதைவிடப் பெரிய வேசம் வாங்கித் தருவாராம்."

"வேணாம் அங்கிள்," என்றாள் எலோடி. "ஹெஸ்டியாவ அவதான் கேட்டு வாங்குனா. மத்த சாமியெல்லாம் வந்துட்டுப் போயிடும், இது மட்டும் கடைசி வரைக்கும் மேடையிலயே இருக்கும், எங்கப்பா எவ்ளோ லேட்டா வந்தாலும் என்னப் பாத்துடுவாருன்னு சொன்னா."