குடிக்கக் குடிக்க நிறையும் கோப்பை

"என்னப்பா இது, ரெண்டு பேரும் ஒரே பக்கமா பாத்துப் பேசறீங்க!"

எடுத்ததைக் கேமராவின் குட்டித் திரையில் ஓட்டிப் பார்த்த சிட்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரைப்படக் கல்லூரியில் அவளுக்கு முதல் வருடம். விடுமுறையில் செய்துவரச் சொன்ன பயிற்சி ரொம்ப எளியது. ஒரு மேஜை, எதிரெதிரே கணவனும் மனைவியும், நடுவே தேநீர். "சர்க்கரை போட்டியா?" என்று கணவன் கேட்பான். "போட்டேன்" என்பாள் மனைவி. அவ்வளவுதான் வசனம். துண்டு துண்டாக எடுத்து ஒட்டினாலும் ஒரே மூச்சில் நடந்ததுபோல் தெரிய வேண்டும்.

மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று அப்பாவை எடுத்தாள். அந்தப் பக்கம் போய் அம்மாவை எடுத்தாள். பார்த்தால், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் பேருந்தில் முன்சீட்டும் பின்சீட்டுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நடுவுல ஒரு கோடு இருக்கறதா நெனச்சு, அதைத் தாண்டாம எடுக்கணுமாம். நான் தாண்டிட்டேன். நாளைக்குத் திரும்ப எடுக்கணும்."

"நாளைக்குமா?" என்றார் அப்பா. வாசலில் கேரம் கிளப் நண்பர் ஒருவர் வேறு காத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கப்பலில் மெக்கானிக் வேலை. வருடத்துக்கு ஒரு முறை வருவார். வந்தால் பெட்டியை இறக்கிவைத்த கையோடு கேரம் கிளப். சாப்பிடவும் தூங்கவும்தான் வீடு.

"பொண்ணு படிப்பு விஷயம்," என்றாள் அம்மா. "ஒரு நாள் வீட்ல இருந்தா கரைஞ்சா போயிடுவீங்க?"

எந்தப் பொருள் எங்கே இருந்தது, யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சிட்டு அம்மாவிடமே கொடுத்தாள். அதற்கு அம்மாவை விட்டால் ஆளில்லை. சமையலறையில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் "யாரு எடுத்தது?" என்று கேட்கிற கண் அது.

மறுநாள் பாதி எடுப்பதற்குள் ஜன்னல் வெளிச்சம் போய்விட்டது. மிச்சத்தை எடுக்கலாம் என்று அடுத்த நாள் வந்தால், அப்பாவின் கோடுபோட்ட சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

"அழுக்கா இருந்துச்சுடி. கைப்பழக்கத்துல போட்டுட்டேன்."

"அந்தச் சட்டையிலதாம்மா பாதி எடுத்திருக்கேன்!"

சட்டையைப் பிழிந்து, இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்தாள் சிட்டு. சட்டை காய்ந்தது. காலர் கருகியது. வேறு சட்டை போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இந்த முறை தேநீர் காலை வாரியது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் அம்மா "ஆறிப்போச்சே" என்று கோப்பையை நிரப்பிவிட்டிருந்தாள். திரையில் அப்பா குடிக்கக் குடிக்க கோப்பை நிறைந்துகொண்டே போனது.

"அப்பா, ஒவ்வொரு தடவையும் பாதி வரைக்கும் நீங்களே குடிச்சுடுங்க."

குடித்தார். பிறகு "ஆக்‌ஷன்" என்று சொல்லும்போதெல்லாம் அப்பா கழிவறையில் இருந்தார்.

விளக்கை நகர்த்துவதும் கேமராவை ஏற்றி இறக்குவதுமாகச் சிட்டு அல்லாடும் நேரமெல்லாம் அவர்கள் இருவரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் இடம் மாறிவிடும். அதனால் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று சாவியைத் தொலைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்ததை அம்மா சொன்னாள். கொந்தளிக்கிற கடலில் கப்பல் சமையல்காரர் பாத்திரத்தை விட்டுவிட்டு அடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டதை அப்பா நடித்தே காட்டினார். அம்மா அப்படிச் சிரித்து மகள் பார்த்ததில்லை.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்! ஃபோகஸ் பண்ண முடியல!" என்று கத்தினாள் மகள்.

அதற்கும் மறுநாள், அப்பா முடிதிருத்தகத்திலிருந்து மீசையில்லாமல் வந்து நின்றார்.

சிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "க்ளோசப் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சுப்பா!"

"நான் என்ன பண்றது? நாற்காலியில கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா காணோம்."

"ஐயையோ," என்றாள் அம்மா.

கண்மையால் மீசை வரைந்தாள் சிட்டு. தேநீரின் ஆவி பட்டு அது மெல்ல வழிந்து தாடியானது. அம்மா மேஜையில் தலையைச் சாய்த்துக் குலுங்கிச் சிரித்தாள். வாசலில் வந்து நின்ற கேரம் நண்பர்களிடம், "இன்னிக்கும் ஷூட்டிங்பா, நீங்க ஆடுங்க" என்று கறுத்த தாடியோடு அப்பா கையசைத்தார். அவர் குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

மீசையில்லாமலே மறுபடி எல்லாவற்றையும் எடுத்தார்கள். அப்பா கப்பலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கடைசி ஷாட்டும் ஒரு பிசிறு இல்லாமல் அமைந்தது. கோப்பை, சட்டை, ஜன்னல் திரை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. "அப்பாடா, உங்கம்மாவுக்கு இப்பதான் வேலை பிடிபட்டிருக்கு" என்றார் அப்பா. அம்மா அவருடைய பெட்டியை அடுக்கப் போனாள்.

அதற்கடுத்த விடுமுறைகளில் அப்பா கேரம் கிளப்புக்குப் போனதாகச் சிட்டுவுக்கு நினைவில்லை.

காலம் ஓடிவிட்டது. சிட்டு இப்போது படத்தொகுப்பாளர். கப்பலை விட்டு வந்த அப்பா, அதே மேஜையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். எடிட்டிங் அறையில் சோர்வு வந்தால் சிட்டு அந்தப் பழைய டேப்பைப் போட்டுப் பார்ப்பாள். இரண்டே வரி வசனம். அதற்கு முன்னும் பின்னும் வெட்டி எறிந்த சிரிப்பெல்லாம் அவள் காதில் மட்டும் கேட்கும்.

ஒருமுறை ஊருக்கு வந்தபோது, முடிதிருத்தக வாசலில் அந்த நாவிதர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சிட்டு விடவில்லை.

"அண்ணே, அன்னிக்கு எங்கப்பா மீசையில கை வச்சீங்களே, என் மொதல் படமே உங்களாலதான் இழுத்துச்சு. இன்னும் உங்க மேல கோவம் இருக்கு."

"என் மேல ஏம்மா கோவம்?" அவர் சிரித்தார். "'அவர் கண்ணசந்ததும் மீசைய எடுத்துடுங்க, இன்னும் கொஞ்ச நாளாவது மனுஷன் வீட்ல இருக்கட்டும்'னு போன் பண்ணுனது உங்கம்மாதானே!"