தலைவி பதவி வேண்டாம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் பரம சௌக்கியம். அங்கு நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, கேஸை மறக்காமல் அணைத்து, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் பாப்பா தன் படைப்பிரிவோடு பணிக்குக் கிளம்பிப் போன கையோடு கமாண்டர் வீட்டம்மா உங்களைக் கூப்பிட்டு, ஊரில் இருக்கும் படைவீரர் குடும்பங்களைக் கவனித்துக்கொள்ளும் தொண்டர் குழுவை நீங்கள்தான் நடத்த வேண்டும் என்றாராம். "என்ன சொல்லித் தப்பிக்கலாம் மாமா?" என்று கேட்டிருந்தீர்கள். சரியான ஆளிடம்தான் கேட்டீர்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். மருந்துக்கடையில் ஆள் இல்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது, வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள். உங்கள் மாமியார் அதே பிரிவில் லாரி ஓட்டிய காலத்தில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாமல் போய், நான் பட்டது கொஞ்சநஞ்சமல்ல.

குடியிருப்புக்குப் பின்னால் மடக்கு நாற்காலியும் டீ டிரம்மும் போட்ட நீள அறை ஒன்று உண்டு, குழு கூடுவது அங்கேதான். முதல் நாள் உள்ளே நுழைந்தால் அத்தனை பேரும் பெண்கள். அதுவரை கணவன் என்று ஒருவன் அந்தப் பக்கம் வந்ததே இல்லையாம், அதனால் சட்டையில் குத்தும் பட்டையில் 'தலைவி' என்றே அடித்து வைத்திருந்தார்கள். "புதுசா அடிக்க நாளாகும் சார், இப்போதைக்கு இதையே குத்திக்குங்க" என்றார் பிரிவுச் சமையல்காரரின் மனைவி. குத்திக்கொண்டேன். பிரிவு திரும்பி வரும்வரை நான் தலைவிதான். காய்கறிக் கடைக்காரர்கூட "தலைவி, தக்காளி நல்லாருக்கு" என்று கூப்பிடுவார். ஆம்பளை வந்துவிட்டான் என்றதும் ஒழுகுகிற குழாயெல்லாம் என் தலையில் விழுந்தது. நான் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன், குழாயை வரையச் சொன்னால் தத்ரூபமாக வரைவேன். திருகச் சொன்னார்கள், திருகினேன், கீழ்வீட்டுக் கட்டில் மிதந்தது. குழந்தைகளைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போய்த் திரும்பினால் ஒரு குழந்தை கூடுதலாக இருந்தது. டாக்டரின் குழந்தை. என்ன கொஞ்சியும் போக மாட்டேன் என்று அழுதது.

இதெல்லாம் போகட்டும், கேக் கதையைக் கேளுங்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். புருஷன் போன மாதம்தான் கிளம்பியிருந்தான். நல்ல காரியமாயிற்றே என்று நான் இஸ்திரி போட்ட சட்டையிலும் சமையல்காரரின் மனைவி பட்டுப்புடவையிலுமாக, பிரிவின் ஜீப்பில் போய் வாசலில் இறங்கினோம். படைக் குடியிருப்பில் இரண்டு பேர் நன்றாக உடுத்திக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினால் சாவுச் சேதி என்று ஒரே அர்த்தம்தான் என்பது இந்தத் தலைவியின் மரமண்டைக்கு எட்டவில்லை. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் போட்டாள். "சொல்லாதீங்க! நீங்க சொன்னாத்தானே நடந்ததாகும்? சொல்லாமப் போயிடுங்க!" என்று உள்ளேயிருந்து கதறினாள். "ஐயோ, கேக்கும்மா! வெறும் கேக்கு!" என்று நாங்கள் வெளியே கதறினோம். கதவைத் திறந்தவள் என் நெஞ்சில் நாலு குத்து விட்டாள், பிறகு எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு தரையில் உட்கார்ந்து பாதி கேக்கைத் தானே தின்று தீர்த்தாள். அன்றிலிருந்து யார் யார் வீட்டுக்குப் போனாலும், ஒரு கரண்டி சர்க்கரை கடன் கேட்கப் போனாலும், தெருமுனையிலேயே "நல்ல சேதிதான்!" என்று கத்திவிட்டுத்தான் போவோம். விருந்தாளிகள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்தார்கள். அந்தக் குரல்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. அப்படியொரு தெரு எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

பிரிவு திரும்பி வந்த நாளாவது உருப்படியாக நடந்ததா? அவரவர் புருஷனிடம் அவரவர் குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அவசரத்தில் எனக்கென்று ஒருத்தி அந்த லாரியில் வருகிறாள் என்பதே மறந்துவிட்டது. இடுப்பில் யாரோ ஒருவருடைய கைக்குழந்தையோடு நிற்கிறேன், பின்னாலிருந்து ஒருத்தி முதுகில் தட்டி, "நீங்க யார் வீட்டுக்காரருங்க?" என்கிறாள். திரும்பினால் உங்கள் மாமியார். கறுத்து, இளைத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. நான் கூட்டத்துக்கு நடுவில் ஓவென்று அழுதேன். தலைவிக்கு இது அழகா?

ஆகவே, மாப்பிள்ளை, இந்த வம்பு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருங்கள். பாப்பா நல்லபடியாகத் திரும்பட்டும், நீங்கள் இருவரும் சகல பாக்கியங்களோடும் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் தள்ளுங்கள். நீங்கள் சம்மதித்துவிட்டதாகக் கமாண்டர் வீட்டம்மாவிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். தனியாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷன் தாங்க மாட்டான். எனக்குப் புத்தி பேதலிக்காமல் இருந்ததற்கு அந்தப் பெண்கள்தான் காரணம். சௌக்கியம் என்று எழுதியதும் பொய். அன்று லாரியில் ஏறிக் கைகாட்டிச் சிரித்துக்கொண்டே போன உங்கள் மாமியார், பாப்பா போனதிலிருந்து ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. "நான் போனப்ப நீங்க எப்படிங்க இருந்தீங்க?" என்று இத்தனை வருஷம் கழித்து நேற்றுதான் கேட்டாள். அப்போதுதான் எழுந்துபோய்க் கமாண்டர் வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன். நீங்கள் கவனிக்க வேண்டிய குடும்பங்களில் முதலில் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.