மாமனார் எடுத்த சட்டையில் வளர்ந்த ஈஸ்ட்

காரைக்காலில் பிறந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லைச் சோதனைச் சாவடியைக் கண்டால், பையில் வெறும் மோர் பாட்டில் இருந்தாலும் வாய் தானாகப் பொய் சொல்லும். (எங்கள் ஊரில் சரக்கு விலை குறைவு. எல்லை தாண்டுகிற யார் மேலும் போலீஸ்காரருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே.) அப்படிப்பட்ட என்னை நம்பி, நுரைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டில் திராட்சைச் சாற்றை ஒப்படைத்தாள் என் மனைவி சுகந்தி.

அவள் அப்போது ஒயின் ஈஸ்ட்டில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் நெல்லைத் தவிர வேறெதையும் யாரும் உற்றுப் பார்த்ததில்லை. அவளோ ஒரு திராட்சைப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தத் தோலு மேலதாங்க அதுங்க குடியிருக்கு. கண்ணுக்கே தெரியாது. ஆனா சர்க்கரையத் தின்னு ஒயினாக்கிடும்" என்பாள். கதிர் வாங்கும் நேரத்தில் என் அப்பாவின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அவள் முகம்.

நெடுங்காட்டில் அவள் தோழி வீட்டுப் பந்தலில் காய்த்த திராட்சையில், நம்ம ஊர் வெயிலையும் தாங்கி வேலை செய்கிற ஈஸ்ட் இருப்பதாக அவளுக்குப் பட்டது. பந்தலின் கடைசிக் கொத்தும் அந்த பாட்டிலுக்குள் போயிருந்தது. அது தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த அவள் ஆய்வகத்துக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அடுத்த காய்ப்பு வரை ஆராய்ச்சி நிற்கும்.

"மூடிய லூசாவே விடுங்க. கேஸ் வெளிய போவணும்."

பலமாகத் தலையாட்டினேன். வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை அவள் ஓட்ட, பாட்டிலோடு நான் பின்னால். தெருமுனை தாண்டவில்லை, பாட்டில் சாராயக்கடையாக மணந்தது. என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாளெல்லாம் வீட்டுக்குக் கேடுதான்.) மூடியை இறுக்கித் திருகினேன். அப்புறம் பெட்ரோல் பங்க், டீக்கடை, நல்ல வெயில், பள்ளத்துக்குப் பள்ளம் குலுக்கல்.

"இது என்னங்க?" என்றார் சாவடிப் போலீஸ்காரர்.

"ஈஸ்ட் சார்" என்றாள் சுகந்தி.

"கஷாயம் சார்" என்றேன் நான், அதே நொடியில்.

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் மூடியைத் திறந்தார். பாதி அவர் காக்கிச் சட்டையில் அடித்தது, மீதி என் மேல். பாட்டில் கைநழுவி ரோட்டில் சிதறியது.

"கஷாயமாய்யா இது?"

சுகந்தி கண்ணாடிச் சில்லுகளையே பார்த்தாள். "மூடிய இறுக்கினீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்கலைக்கழக அடையாள அட்டையை நீட்டினாள். அவர் படித்து முடிப்பதற்குள், "சார், உங்க சட்டையக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?" என்றாள். மனிதர் இரண்டடி பின்வாங்கினார்.

"அதுல ஈஸ்ட் உயிரோட இருக்கு சார்!"

"யம்மா, மொதல்ல கெளம்புங்க!"

என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க கழட்டுங்க."

அது தலைதீபாவளிக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த சட்டை. அதைச் சுத்தமான ஒரு கவரில் போட்டு, மறக்காமல் லூசாகக் கட்டினாள். மீதி வழி முழுக்க நான் பனியன்தான்.

ஆய்வகத்தில் அந்தத் துணியிலிருந்து துளி எடுத்து வளர்த்தாள். என் வியர்வையில் இருந்த கிருமி, ரோட்டுத் தூசியில் இருந்த கிருமி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒதுக்கி, மறுபடி மறுபடி பிரித்து, கடைசியில் அந்த ஈஸ்ட்டைப் பிடித்தே விட்டாள். அவள் நினைத்தபடியே அது வெயிலுக்கு அசரவில்லை. அவளும்தான். அப்படியொரு பிடிவாதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாய்மொழித் தேர்வில், மாதிரி எங்கே எடுத்தது என்று கேட்டார்கள். "நெடுங்காட்டுத் திராட்சையில சார். அப்புறம் எங்க வீட்டுக்காரர் சட்டையில" என்றாள். அரங்கமே சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து சத்தமாகக் கைதட்டியவன் நான்தான்.

இன்றைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் புதுச் சட்டையை நீட்டும்போது மாமனார் கேட்பார்: "மாப்ள, இதாவது வீட்டோட இருக்குமா?"

"உங்க பொண்ணு கேட்டா ரோட்டுலயே கழட்டிக் குடுத்துடுவேன் மாமா."