துளசிராமனின் முதல் பச்சை டேக்

திருவள்ளூர் மாவட்டத்தில் நாடகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று துளசிராமன் முடிவு கட்டி நாலு வருஷம் ஆகிறது. நாடகம் போடுகிறவர்களுக்குத்தான் அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. அவர்கள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இவரும் விடாமல் போய், முன்வரிசையில் இடம் பிடித்து, கஷாயம் குடித்த முகத்தோடு குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்.

துளசிராமனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு போல்ட் நட்டு கம்பெனியில் தரம் பார்க்கிற க்யூசி வேலை. சரக்கு சரியாக இருந்தால் பச்சை டேக், இல்லையென்றால் சிவப்பு டேக். பதினெட்டு வருஷமாக இதே பிழைப்பு. கை அப்படியே பழகிவிட்டது, எதைப் பார்த்தாலும் முதலில் சிவப்பைத்தான் தேடும். பொன்னேரியில் அவர் வீட்டில் காலை நாஷ்டாவுக்கு இட்லி வைத்தால், ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் ஒரு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். இதைப் பதிமூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் அவர் மனைவி ஈஸ்வரி. அந்தப் பொறுமைக்கு யாராவது சால்வை போர்த்தியிருக்க வேண்டும், யாரும் போர்த்தவில்லை.

ஐயா ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார். பேர், 'நாடகத் தராசு'. நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். பாதிப் பேர் நடிகர்கள். தங்களை என்ன திட்டியிருக்கிறார் என்று பார்க்க உள்ளே வந்தவர்கள், மற்றவனை என்ன திட்டப்போகிறார் என்று பார்க்க அங்கேயே தங்கிவிட்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் உழைப்பாளி. மாவட்டத்தில் ஒரு மூலையை விட்டுவைக்கவில்லை. மீஞ்சூரில் ராபின் என்பவர் நடத்தும் குழுவின் சமூக நாடகத்துக்கு எழுதினார்: 'கதாநாயகன் செத்த பிறகு இரண்டு தடவை கொசு அடித்தார். சிவப்பு டேக்.' காக்களூரில் தொழிலாளர்கள் போட்ட நாடகத்துக்கு: 'முதலாளி வேஷம் போட்டவர், முன்வரிசையில் நிஜ சூப்பர்வைசரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சிவப்பு டேக்.' திருவள்ளூர் டவுனில் நடந்த பக்தி நாடகத்துக்கு: 'பகவானின் சக்கரம் ஒரு டேபிள் ஃபேன் மூடி. பெயிண்ட்கூட அடிக்கவில்லை. சிவப்பு டேக்.' பொன்னேரிக்குப் பக்கத்தில் கூத்து பார்த்துவிட்டு வந்து: 'துரியோதனன் ஒரு கையால் நாட்டை ஆண்டார், மறு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். சிவப்பு டேக்.'

ஒருத்தராவது தேறினாரா என்று கேட்டால் ஒரே பதில். "நடிக்கிறான்னு எனக்கு ரெண்டே நிமிஷத்துல தெரிஞ்சிபோவுது. தெரிஞ்சிபோனா அது இன்னா நடிப்பு?"

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு புதன்கிழமை காலை ஈஸ்வரி பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, மகளிர் குழு ஆண்டு விழாவுல நாடகம் போடறோம். பூவக்கா என்னத்தான் மெயின் வேஷம் கட்டச் சொல்லுது."

பூவக்கா என்பது பக்கத்து வீட்டுப் பூவம்மாள். ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருக்கிறவர், மகளிர் குழுவுக்குத் தலைவி. கையில் இருந்த இட்லியைத் திருப்புவதை நிறுத்தினார் துளசிராமன்.

"நீயா?"

"ஏன், நான் கட்டக் கூடாதா?"

"ஈஸ்வரி, நாளைக்கு நானூத்திப் பன்னண்டு பேருக்கு முன்னால உனக்கு நான் செவப்பு டேக் போடணும். எனக்கு மனசு வருமா?"

"போடாதீங்க."

"போடாம உட்டா, பொண்டாட்டிக்கு மட்டும் சலுகைன்னு பேசுவானுங்க. இன்னா பேஜாரு பாரு."

"மீஞ்சூர் ஸ்கூல்ல நான் நடிச்சிருக்கேங்க. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்னாங்க."

"அப்ப கை தட்னவங்களுக்கும் செவப்பு டேக்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஈஸ்வரி சிரிக்கவில்லை. அந்தக் கைதட்டல் ஒன்றைத்தான் இருபத்திரண்டு வருஷமாக அவள் பத்திரமாக வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு வந்த பட்டுப்புடவைகள்கூட இத்தனை வருஷத்தில் மடிப்பு விட்டுக் கிழிந்துபோயின, அது மட்டும் அப்படியே இருந்தது. அதையும் இந்த ஆள் திருப்பிப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டார்.

"சரி, எப்பதான் பச்சை போடுவீங்க?"

"நடிக்கிறாங்கன்னே எனக்குத் தெரியக் கூடாது. நெஜம்னு நம்பணும் நான். இந்த மாவட்டத்துல அப்படி ஒருத்தர் நடிச்சிக் காட்டட்டும், என் கையால பச்சை டேக் போடறேன். அப்பறம் நீ தாராளமா மேடை ஏறு. நானே மைக்கு புடிக்கிறேன்."

"வாயால சொன்னா ஆச்சா? குரூப்புல போடுங்க."

போடு என்று சொன்னால் போதும், மனுஷருக்கு எழுதுவதற்குக் காரணம் வேண்டியதில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அங்கேயே எழுதினார்: 'என் துணைவியார் மேடையேற ஆசைப்படுகிறார். இம்மாவட்டத்தில் யார் நடிப்புக்காவது நான் பச்சை டேக் போட்டால் அவர் ஏறலாம். மைக் பிடிப்பது நான். அன்று சமையலும் நான்.' நானூறு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். மீஞ்சூர் ராபின் மட்டும் கும்பிடு போட்டார்.

ஆண்டு விழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, ரயிலை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பினால், அவர் வீட்டு வாசலில் சத்தம்.

"குண்டான நசுக்கிக் குடுத்துட்டு வாய் வேற பேசறியா நீ?" இது ஈஸ்வரி.

"நசுங்கினதத்தான்டி நீ குடுத்த. அத்த வெச்சி என் பொண்ணு வளைகாப்புக்கு இட்லி அவிச்சதே பெருசு." இது பூவம்மாள்.

"அக்கா, அது எங்கம்மா குடுத்த சீரு."

"ஆமா, தங்கத்துல குடுத்தாங்க."

விஷயம் இவ்வளவுதான். ஈஸ்வரி இரவல் கொடுத்த இட்லிக் குண்டான், பூவம்மாள் வீட்டிலிருந்து வயிற்றில் ஒரு குழியோடு திரும்பி வந்திருக்கிறது. பதிமூன்று வருஷமாக ஒரே முருங்கை மரத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த இரண்டு வீடு, இப்போது தெருவில் நிற்கிறது.

வேறு யாராக இருந்தாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பார்கள். துளசிராமன் க்யூசி ஆயிற்றே. பையிலிருந்து அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்தார். குண்டானை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து குழியை அளந்தார்.

"மூணு புள்ளி ரெண்டு மில்லி. புது நசுங்கல். ஓரம் இன்னும் பளபளன்னு கீது பாரு. மிஞ்சிப்போனா ஒரு வாரம். பூவக்கா, தப்பு உங்க மேலதான்."

"நீயுமா தம்பி?" என்றார் பூவம்மாள். "உன்ன என் கூடப்பொறந்தவன்னு நெனச்சிகினு இருந்தேனே. இந்த ஊட்டு வாசல இனிமே மிதிச்சா என்னன்னு கேளு."

மறுநாள் சாயங்காலமே வந்து மிதித்தார். அதற்கு மறுநாளும். முதல் நாள் குண்டான், இரண்டாம் நாள் முருங்கைக்காய், மூன்றாம் நாள் பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ யாரையோ கல்யாணத்தில் கவனிக்காமல் விட்டது. தினமும் சரியாக ஆறு மணிக்குச் சண்டை. துளசிராமன் ரயிலை விட்டு இறங்கி வருவதற்கும் அது தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. எதிர் மாடியில் ஏழெட்டுப் பேர் துணி காய வைக்க வந்து நின்றார்கள். வெயில் போன பிறகு யாராவது துணி காய வைப்பார்களா என்று அந்தத் தர ஆய்வாளர் மண்டையில் உறைக்கவே இல்லை.

அவருக்கு ஏது நேரம்? இரண்டு பெண்களுக்கும் நடுவில் லுங்கியோடு நின்று, இரண்டு கையையும் தூக்கி, "நான் சொல்றத கேளுங்க, நான் சொல்றத கேளுங்க" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு நாள் குண்டானைத் தூக்கி, "இத்தோட நான் போய் பக்கிங்காம் கால்வாய்ல உழுந்துடறேன்" என்றார். மாடியில் யாரோ இருமினார்கள்.

மனசு சரியில்லை என்று ஈஸ்வரி அந்த வாரம் பூராவும் ரசம் மட்டும்தான் வைத்தாள். அவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

எட்டாம் நாள் திங்கள், ஏதோ பண்டிகை லீவு. முந்தின நாள் பகலில் காக்களூரில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்திருந்தார். தாய் அழுகிற காட்சியில் அந்த அம்மாள் கண்ணுக்குத் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டதை முன்வரிசையிலிருந்தே பார்த்துவிட்டார். அந்த ஆத்திரம் காலை வரை அடங்கவில்லை. என்ன எழுதினால் இவன்களுக்கு உறைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஈஸ்வரி அழும் குரல் கேட்டது.

இந்தத் தடவை சண்டை இல்லை. ஈஸ்வரி மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசினாள்.

"நான் இந்த ஊருக்கு வாழ வந்தப்ப எனக்கு யாரு இருந்தாங்க அக்கா? ஜுரம்னு படுத்தா நீதான கஞ்சி எடுத்தாந்த. ஊட்ல ஒரு வார்த்த நல்லாக்குதுன்னு கேக்காத நாள்லாம் உன் ஊட்டுக்கு வந்துதான குந்திகினு இருந்தேன். ஒரு குண்டானுக்கு என்ன உட்டுட்டியேக்கா."

கண்ணீர் தாரையாக ஓடியது. அந்தப் பக்கம் பூவம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

இன்னொருத்தனாக இருந்தால் பெண்டாட்டி பக்கத்தில் போய் நின்றிருப்பான். 'ஊட்ல ஒரு வார்த்த' என்பது யாரைச் சொன்னது என்றாவது ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். இந்த மகானுபாவர் செல்போனை எடுத்து வீடியோ பிடித்தார். வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்று நாலடி தள்ளிப் போய் நின்றுகூடப் பிடித்தார். பிடித்த சூட்டோடு குரூப்பில் போட்டார்.

'மாவட்டத்து மகா நடிகர்களே, கண் இருந்தால் பாருங்கள். இதுதான் அழுகை. இதுதான் துக்கம். உங்களில் ஒருவருக்காவது இதில் பத்தில் ஒரு பங்கு வருமா? நாலு வருஷத்தில் என் முதல் பச்சை டேக்.' கம்பெனிப் பையிலிருந்து நிஜ டேக் ஒன்றை எடுத்து, அதையும் படம் பிடித்துப் போட்டார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போன் அதிர்ந்தது. மீஞ்சூர் ராபின்.

'ரொம்ப நன்றிண்ணே. இது எட்டாவது காட்சி. முதல் ஏழும் இதே தரம்தான், மாடியிலிருந்து பார்த்தோம்.'

அதைப் புரிந்துகொள்வதற்குள் எதிர் மாடியில் கைதட்டல். நிமிர்ந்தார். ஏழெட்டு இல்லை, இருபது பேர் இருந்தார்கள். துணி ஒன்றுகூட இல்லை. நடுவில் ராபின் நின்றுகொண்டு கும்பிட்டார்.

மதில் பக்கம் ஈஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, கடைசில நீ ரெண்டு வார்த்த சொல்லணுமே, உட்டுட்டியே" என்றாள்.

"எங்கடி சொல்றது, நெஜமாவே தொண்ட அடச்சிகிச்சி" என்றார் பூவம்மாள்.

துளசிராமன் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இது... நடிப்பா?"

"உங்களுக்குத் தெரிஞ்சிதா?"

"தெரியலயே."

"அப்ப நடிப்புதான். நீங்கதான சொன்னீங்க."

"குண்டான் நசுங்கல்? நானே அளந்தேனே."

"அது போன பொங்கலுக்கு நீங்க பரண் மேலருந்து போட்டது. காலைல புளி போட்டு தேச்சி வெச்சேன், பளபளன்னு ஆச்சி."

"ஏய், நான் வாழ்க்கைன்னு நெனச்சிதான்டி டேக் போட்டேன். அந்த டேக் செல்லாது."

"டேக் போட்டு வெளிய போன சரக்க திருப்பிக் கூப்புட முடியாதுன்னு பதிமூணு வருஷமா சோறு போடறப்பலாம் எனக்குப் பாடம் நடத்துனது யாரு?"

அவர் போனைப் பிடுங்குவது போல எடுத்து, பதிவை அழிக்கிறேன் என்று அவசரத்தில் எதையோ அமுக்கினார். அவர் போனிலிருந்து மட்டும் அது அழிந்தது. மற்ற நானூற்றுப் பதினோரு பேரிடமும் பத்திரமாக இருந்தது.

ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சந்தை மைதானத்தில். காலையிலேயே எழுந்து சோறும் குழம்பும் வைத்துவிட்டு, துளசிராமன் மேடை ஓரத்தில் குந்தி மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஈஸ்வரி வந்து நின்றாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எங்காவது ஒரு கொசு கடித்து அவள் கை அசையாதா என்று அவர் கடைசி வரை பார்த்தார், கொசுவும் அவள் கட்சியில் சேர்ந்துகொண்டது. முடிந்ததும் ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. சும்மா சொல்லக் கூடாது, அவருக்கும் கை பரபரத்தது, ஆனால் கையில் மைக் இருந்தது.

வீட்டுக்கு வந்து, தான் வைத்த குழம்பைத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. நாடகத் தராசில் புது விமர்சனம். எழுதியது ஈஸ்வரி. குரூப்பில் இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தவள், முதல் தடவையாக எழுதியிருந்தாள்.

'பொன்னேரியில் எட்டு நாள் நடந்த குண்டான் நாடகம் பார்த்தேன். பூவம்மாள் அருமை. குண்டான் தத்ரூபம். கணவனாக வந்தவர் மட்டும் எட்டு நாளும் ஓவர் ஆக்டிங். சிவப்பு டேக்.'