சுவரைப் பார்த்து உட்கார்ந்த ஜினிஷா

அஞ்சுகிராமம்
புதன் மாலை

அன்புத் தம்பி ஸ்டெனிக்கு,

ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அவள் யோசிக்கிறாளா, தண்டனை அனுபவிக்கிறாளா? பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியவில்லை. பயிற்சி கொடுத்தவன் நீ, நீயே சொல். ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், நாளைக் காலை வரைக்குமாவது.

அறிவு எட்டு வகை, ஆளுக்கொரு வகை, பாடத்தையும் அந்தந்த வகையில் கொடுங்கள் என்று ஆசிரியர் பயிற்சியில் மைக் பிடித்துச் சொன்னாயே, எனக்கு அதில் பாதி நம்பிக்கைகூட இல்லை, இருந்தாலும் தம்பி சொன்னானே என்று இன்று ஒன்பதாம் வகுப்பை ‘மழை’ பற்றி எழுத வைக்கக் குழுகுழுவாகப் பிரித்தேன். எல்லாம் சர்ச் கொயர் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் பாட்டுக் குழுவில் போய் நின்று நாலு குரலில் மழை பெய்ய வைத்தார்கள். இயற்கைக் குழு, சொட்டு மழையில்லாத நாளில், மழையை நேரில் பார்க்கக் குளத்தங்கரைக்கே போய்விட்டது; பி.டி. சார்தான் பிடித்துக்கொண்டு வந்தார். தனியே யோசித்து எழுதும் குழுவுக்கு ஒரே ஆள், ஜினிஷா. வாயே திறக்காத பிள்ளை. சத்தம் தாங்காமல் அவளாகவே பெஞ்சைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அந்த நேரம் பாத்தா அவளுக்க அப்பா நேசையன் சோத்துப் பாத்திரத்தோட வரணும்?

“எனக்க மவ என்ன கொலையா செய்தா டீச்சர்? மத்ததெல்லாம் பாடி ஆடுது, இவள மட்டும் சுவத்தப் பாக்க இருத்தியிருக்கிய?”

“தண்டனை இல்ல. அவளுக்குத் தன்னை அறியுத அறிவு கூடுதல்.”

“அப்பொ மத்த அறிவு ஒண்ணும் இல்லேங்கியளா?”

நேரே தாளாளரிடம் போய்விட்டார். நாளைக் காலை விசாரணை. தண்டனைதான் என்று முடிவானால் சஸ்பெண்ட் என்று தலைமையாசிரியை காதோடு சொன்னார். இத்தன வருஷத்துல ஒரு பிள்ளைய நுள்ளினதுகூட கெடையாது மக்கா, அறிவ வளக்கப் போயி வேல போயிரும் போலிருக்கு. நீ போனையும் எடுக்கவில்லை. அதனால் என் மகன் ஜெரிஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காலையில் முதல் பஸ்ஸில் வா. அந்த எட்டு அறிவையும் உன் வாயாலேயே தாளாளருக்குச் சொல். இனி இந்த விளையாட்டு என் வகுப்பில் கிடையாது. கரும்பலகை, சாக்பீஸ், நான்.

வீட்டில் பிரீனாவுக்கு என் அன்பு. கர்த்தர் உன்னைக் காப்பார். என்னைக் காப்பது உன் பொறுப்பு.

அக்கா
பெமிலா

பி.கு. (வியாழன்): ஜெரிஷின் பைக் பஞ்சர், கடிதம் வீட்டைவிட்டுப் போகவேயில்லை. விசாரணை முடிந்தது. “டீச்சர் தண்டிச்சாவளா மக்களே?” என்று தாளாளர் ஜினிஷாவைக் கேட்டார். “இல்ல சார். வீட்டுல தம்பி லிஜின் ஓயாம பேசுவான். வகுப்புல எல்லாரும் பாடுதாவ. சுவரு ஒண்ணும் பேசாது” என்றாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நேசையனும் கேட்டதில்லை போலும். அங்கேயே புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வராந்தாவில் என்னைத் தனியே கூப்பிட்டு, “லிஜின் ஏழாம் வகுப்புலதான் இருக்கான் டீச்சர். அவனயும் ஒரு சுவத்தப் பாக்க இருத்துவியளா?” என்றார்.

நீ வர வேண்டாம். அடுத்த பாடவேளையில் அதே விளையாட்டைத்தான் நடத்தினேன். ஜினிஷாவுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பெஞ்சுகள் சுவர்ப்பக்கம் திரும்பின. இன்னொரு அப்பா சோத்துப் பாத்திரத்தோடு வந்துவிடக் கூடாதே என்று எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன்.